அறிந்து செய்யும் அருள்

திருக்கோயிலுக்கு வழிபட வரும் அன்பர்களிடம் "உயிர்களிடத்து இரக்கம் வேண்டுமா?" என்று வினவினால், வேண்டாம் என்று கூறுவார் ஒருவரும் இலர். பசுவுக்குக் கீரை கொடுக்கிறோம். காக்கைக்குச் சோறு வைக்கிறோம். யானைக்குப் பழம் நீட்டுகிறோம். புற்றுக்குப் பால் வார்க்கிறோம். இவை யாவும் நல்ல நெஞ்சிலிருந்து எழும் செயல்களே. எனினும் நாம் அன்போடு கொடுக்கும் பொருள் அவ்வுயிருக்கு நன்மை தருகின்றதா, தீமை தருகின்றதா என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அருள் வேண்டும் என்பதை அறிந்த நாம், அருளை எவ்வாறு செய்ய வேண்டும் என்பதையும் அறிதல் கடமையாகும். அது குறித்துச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அன்பும் அருளும்

திருவள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலில் வைத்தார். அருளுடைமையைத் துறவறவியலின் முதல் அதிகாரமாக வைத்தார். இம்முறைவைப்பில் ஒரு நுட்பம் உண்டு. மனைவி, மக்கள், சுற்றம் எனத் தம்மோடு தொடர்புடையார்மேல் செல்லும் நெகிழ்ச்சி அன்பு எனப்படும். தொடர்பு ஏதும் கருதாமல் எல்லா உயிர்கள்மேலும் செல்லும் இரக்கம் அருள் எனப்படும். உரையாசிரியர் பரிமேலழகர் இவ்வேறுபாட்டைத் தெளிவாக விளக்கியுள்ளார். வீட்டில் தோன்றிய அன்பு விரிந்து, தெருவையும் ஊரையும் கடந்து, பேச இயலாத உயிர்கள்வரை சென்று எட்டும்போது அது அருளாகப் பெயர் பெறுகிறது.

இன்னா செய்யாமை அதிகாரத்தில் வள்ளுவர் மற்றொரு கருத்தையும் வைத்துள்ளார். பிற உயிரின் நோவைத் தன் நோவாக எண்ணிக் காக்காதவனுக்கு அவன் பெற்ற அறிவினால் விளையும் பயன் யாது என்பது அவர் எழுப்பும் வினா. இங்கே அறிவும் இரக்கமும் ஒருங்கே பேசப்படுதல் காண்க. அறிவு இரக்கத்துக்குப் பயன்பட வேண்டும். இரக்கமும் அறிவின் வழியே நடக்க வேண்டும். இரண்டும் கூடிய இடத்திலேதான் உயிர்க்கு உண்மையான உதவி கிட்டும்.

வடலூர் வள்ளலார் (1823–1874) சீவகாருண்ணிய ஒழுக்கத்தையே இறைவனை அடையும் வழியாகப் போதித்தார். 1867-ஆம் ஆண்டில் அவர் நிறுவிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் பசித்தோர்க்காக எரிந்துகொண்டிருக்கிறது. பசித்த உயிரின் பசியை நீக்குதலே வழிபாடு என்னும் அவர் கொள்கை, உயிர்க்கு எது தேவை என்று முதலில் கண்டு, பின்னர் அதனை அளிக்கும் முறையாகும். நாம் கொடுக்க விரும்புவது எது என்பது அவ்வளவு முதன்மையன்று. அவ்வுயிருக்கு வேண்டியது எது என்பதே முதன்மையானது.

சங்கரன்கோவில் தலவரலாறு காட்டும் நெறி

நம் மேலநீலிதநல்லூர் வட்டாரத்து மக்களுக்குச் சங்கரன்கோவில் தாய்வீடு போன்றது. ஆடித் தபசுக்குச் சென்று ஆடிச்சுற்று சுற்றாத குடும்பம் இப்பகுதியில் அரிது. அத்தலத்தின் வரலாற்றைச் சிறிது ஆழ்ந்து நோக்குவோமாயின், அது முழுவதும் விலங்குகளின் துணைகொண்டே இயங்குவது புலப்படும்.

சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவருள் ஒருவர் சிவனடியார், மற்றவர் திருமாலடியார். தம் தம் தெய்வமே உயர்ந்தது என்று வாதிட்ட அவ்விருவரும் அம்பிகையிடம் முறையிட்டனர். அவர்தம் ஐயம் தீரவும், உலகம் உண்மை உணரவும் அம்பிகை புன்னைவனத்தில் தவமிருந்தாள். ஆடித் திங்கள் பௌர்ணமியன்று உத்திராட நன்னாளில் இறைவன், ஒருபாதி சிவனும் ஒருபாதி திருமாலுமாகச் சங்கரநாராயணத் திருக்கோலம் காட்டி அருளினான். அம்மையின் தவத்துக்குத் துணையாகத் தேவமாதர் பசுக்களாக உருக்கொண்டு உடன் வந்தனர். ஆதலின் அன்னைக்குக் கோமதி என்றும் ஆவுடையாள் என்றும் திருப்பெயர்கள் வழங்கலாயின. பசுக்களை உடையவள் என்பது இப்பெயர்களின் பொருள். நாக அரசர் தோண்டியதாகக் கூறப்படும் தீர்த்தம் நாகசுனை என்று பெயர் பெற்றுள்ளது.

பிற்காலத்தில் கோயில் வெளிப்பட்ட வரலாறு இன்னும் கருதத்தக்கது. புன்னைவனத்தைக் காத்துநின்ற காவலர் ஒருவர் அங்கிருந்த புற்று ஒன்றை வெட்டினார். உள்ளே இருந்த பாம்பின் வால் வெட்டுண்டது. பதறிப்போய் நோக்கியவர் புற்றின் அருகே சிவலிங்கம் இருக்கக் கண்டார். அச்செய்தி உக்கிர பாண்டிய மன்னனுக்கு எட்டவே, அவன் வந்து வணங்கித் திருக்கோயில் எடுப்பித்தான் என்று தலவரலாறு கூறும்.

இவ்வரலாற்றில் ஒரு சிற்றுயிர்க்கு நேர்ந்த காயத்தைக் கண்டு பதறிய கண்ணுக்கே இறைவன் புலப்பட்டான் என்று கொள்ளுதல் பொருந்தும். வெட்டிய மண்வெட்டியோடு அவர் மேலும் சென்றிருப்பாரானால் லிங்கத்தைக் கண்டிருக்கமாட்டார். இன்றும் சங்கரன்கோவிலில் புற்றுமண்ணே பிரசாதமாக வழங்கப்படுகிறது. அம்மண்ணை நெற்றியில் அணிகிறோம்; நோய் தீர உட்கொள்ளுவோரும் உளர். ஓர் உயிரின் வீட்டு மண்ணைத் தெய்வத்தின் பிரசாதமாகத் தலையில் தாங்கும் நாம், அவ்வுயிரின் வீட்டை எவ்வாறு நடத்துகிறோம் என்பதே இனி நாம் காண வேண்டுவது.

பேகனின் போர்வை

சங்க காலத்து வள்ளல்கள் எழுவருள் ஒருவன் வையாவிக் கோப்பெரும் பேகன். மலைச்சாரலில் மயில் ஒன்று அகவக் கேட்டு, அது குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதன்மேல் போர்த்தினான் என்பது பலரும் அறிந்த செய்தி. மயிலுக்குப் போர்வை பயன்படாது என்பதைப் புலவர்களும் அறிவர். ஆயினும் கைம்மாறு கருதாத அவன் நெஞ்சைப் போற்றி, அதனைக் கொடைமடம் என்று பாராட்டினர். ஆராயாமல் வாரி வழங்கும் பேதைமை கொடையிடத்து நேரும்போது அதுவும் அழகாகும் என்பது அவர் கருத்து.

ஆனால் பேகன் வரலாற்றில் மறைந்துநிற்கும் மற்றொரு பகுதி உண்டு. அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய பெரும்புலவர்கள் அவனிடம் சென்று, அவ்வம்மையார்க்கு இரங்குமாறு வேண்டிப் பாடினர். அப்பாடல்கள் புறநானூற்றில் இடம்பெற்றுள்ளன. பரிசில் தந்தபோதும், தமக்கு வேண்டுவது பொருளன்று, அவளுடைய துயர் நீக்கமே என்று கூறிய சான்றோர் அவர். மயிலுக்கு இரங்கிய வள்ளலிடம் மனையாளுக்கு இரங்குக என்று கேட்க வேண்டிய நிலை வந்தது.

இவ்வரலாறு நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. ஒன்று, கொடுக்குமுன் அப்பொருள் அவ்வுயிர்க்கு ஏற்குமா என அறிதல். பேகனின் போர்வையால் மயிலுக்குத் தீங்கு ஒன்றும் நேரவில்லை. நாம் இன்று கொடுக்கும் சில பொருள்களால் தீங்கு நேர்கிறது. மற்றொன்று, தொலைவில் உள்ள உயிர்க்கு இரங்குமுன் அருகில் உள்ள உயிரை நோக்குதல். கோயிற் பசுவுக்குக் கீரை வாங்கிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் ஒருவர், தம் வீட்டுக் கொட்டிலில் கட்டிய பசு வெயிலில் நிற்பதைக் காணத் தவறுதல் கூடாது. தபசு மண்டபத்தில் கண்ணீர் மல்க நின்றவர், திரும்பும் வழியில் வண்டிமாட்டின் வாலை முறுக்குதல் தகாது.

புற்றுக்குப் பால் வார்த்தல்

கறையான் எடுத்த புற்றிலே பாம்பு குடிபுகும் என்பது நாட்டார் அறிந்த உண்மை. அப்புற்றினுள்ளே இரண்டு உயிர்க்குடிகள் உள்ளன. ஆடி வெள்ளியிலும் நாக சதுர்த்தியிலும் நம் தாய்மார் புற்றுக்குப் பாலும் முட்டையும் இட்டு, மஞ்சள்பொடியும் குங்குமமும் தூவி, கற்பூரம் ஏற்றி வழிபடுகின்றனர். மக்கட்பேறும் குடும்ப நலமும் வேண்டிச் செய்யும் இவ்வழிபாட்டின் உள்ளன்பை எவரும் குறை கூறுதல் இயலாது.

ஆயினும் பாம்பு பால் குடிக்கும் உயிரன்று. குட்டிகளுக்குப் பாலூட்டும் இனத்தில் அது சேராது. எலி, தவளை, பல்லி முதலியனவே அதன் உணவு. பால் அதற்குச் செரிப்பதில்லை. பல நாள் நீரின்றி வாட்டப்பட்ட பாம்பு, தாகம் தாங்காமல் பாலில் வாய் வைப்பதைக் கண்டே 'பாம்பு பால் குடித்தது' என்று மக்கள் நம்பினர். பாம்பாட்டிகள் கூடையில் அடைத்து வீதிகளில் கொண்டுவந்த பாம்புகளில் பல, பற்கள் பிடுங்கப்பட்டும், வாய் தைக்கப்பட்டும், நீரின்றி வாடியும் இருந்தவையே. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நல்ல பாம்பைப் பாதுகாக்கப்பட்ட உயிராக வைத்துள்ளது. அதனைப் பிடித்து வைத்து வித்தை காட்டுதல் குற்றமாகும்.

புற்றினுள் ஊற்றப்படும் பால் புளித்து நாறும். நாக்கினால் மணம் அறிந்து வாழும் பாம்புக்கு அந்நாற்றமும் கற்பூரப் புகையும் துன்பம் தருவன. நாம் வரம் வேண்டிச் சென்ற வாயிலில் அவ்வீட்டுக்காரரை விரட்டி வருதல் முறையாகுமா?

இதற்கு நம் முன்னோரே ஒரு வழி வைத்துள்ளனர். அரசும் வேம்பும் நின்ற மேடையில் கல்லில் செதுக்கிய நாகர் திருமேனிகள் எத்தனையோ ஊர்களில் உள்ளன. பாலைக் கல்நாகருக்குத் திருமுழுக்காட்டலாம். எஞ்சிய பாலை வழிபட வந்த குழந்தைகளுக்கு வழங்கலாம். புற்றை வலம் வந்து, பூவைச் சற்றுத் தள்ளி வைத்து, கைகூப்பி வணங்கலாம். புற்றை வணங்குதலும் பாம்பை வருத்தாமையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. சங்கரன்கோவிலில் பாம்பு, தேள் முதலிய உருவங்கள் பொறித்த தகடுகளை உண்டியலில் செலுத்தும் வழக்கமும், உயிரைத் துன்புறுத்தாமல் நேர்த்திக்கடன் நிறைவேற்றும் நல்வழியே ஆகும்.

வீட்டினுள் பாம்பு வந்துவிட்டால் கோலெடுத்து அடிப்பதே முதல் எண்ணமாக எழுகிறது. அச்சம் இயல்பு; அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அடிக்க முயன்றே பலர் கடிபடுகின்றனர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். குழந்தைகளையும் முதியோரையும் வெளியே அனுப்பிவிட்டு, தொலைவில் நின்று அது செல்லும் இடத்தைக் கவனித்து, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ செய்தி சொல்லுதல் நன்று. தீயணைப்பு நிலையத்தின் எண் 101. கடிபட்டவரைக் கீறாமலும் இறுக்கிக் கட்டாமலும், நடக்கவிடாமலும், உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலான உயிரிழப்புக்குக் காரணமாவன நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கே. இந்நான்கின் நஞ்சுக்கும் மாற்று மருந்து உண்டு.

அம்மருந்து எவ்வாறு கிடைக்கிறது என்பதும் அறியத்தக்கது. 1978-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இயங்கி வருகிறது. இருளர் பெருமக்கள் பாம்புகளைப் பிடித்து வந்து, நஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு, சில வாரங்களில் மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சிலிருந்தே மாற்று மருந்து செய்யப்படுகிறது. அவ்வினத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவருக்கு 2023-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. பாம்பும் பிழைக்கிறது, பாம்பு கடித்தவரும் பிழைக்கிறார். அறிந்து செய்யும் அருளுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பசுவுக்கு வாயளவு

திருமூலர் எல்லார்க்கும் இயலக்கூடிய அறங்களை எண்ணிச் சொன்னபோது, இறைவனுக்கு ஒரு பச்சிலை சார்த்துதலை அடுத்துப் பசுவுக்கு ஒரு வாயளவு உணவு கொடுத்தலை வைத்தார். ஏழையும் செய்யக்கூடிய எளிய அறம் அது. அளவையும் உடன் கூறிய நுட்பத்தை நாம் மறத்தலாகாது.

பசுவின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் நொதிக்கச் செய்கின்றன. பசு அதனை அசைபோட்டு மீண்டும் விழுங்குகிறது. அவ்வயிறு நார்த்தீவனத்துக்காக அமைந்தது. சோறு, பொங்கல், இட்லி மாவு முதலியவற்றை மிகுதியாக உண்டுவிட்டால் வயிற்றில் அமிலம் பெருகி, வயிறு உப்பி, சில வேளைகளில் உயிருக்கே இடர் நேரும். மாட்டுப் பொங்கலன்றும் திருமண நாள்களிலும் கால்நடை மருத்துவர் இந்நோயை மிகுதியாகக் காண்கின்றனர். மாட்டுக்குப் பொங்கல் ஊட்டும்போது ஒரு கவளம் வாழையிலையில் வைத்து ஊட்டினால் சடங்கும் நிறைவுறும். மாடும் நலமாக இருக்கும். மிகுந்த விருந்துச் சோற்றைத் தொட்டியில் கொட்டுதல் கொடையாகாது.

மற்றொரு தீங்கு நெகிழிப் பை. பழத்தோலையும் எஞ்சிய உணவையும் பையில் முடிந்து தெருவில் எறிகிறோம். முடிச்சவிழ்க்க விரல் இல்லாத பசு பையோடு சேர்த்து விழுங்குகிறது. அது செரிப்பதும் இல்லை, வெளியேறுவதும் இல்லை. ஆண்டுக்கணக்கில் வயிற்றில் சேர்ந்து, பசித்தும் உண்ண முடியாமல் மாடு மெலிந்து மடிகிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. அத்தடை சட்டத்தால் வந்தது. கோமதி அன்னையின் அடியார்க்கு அது பக்தியாலும் வர வேண்டும். அர்ச்சனைத் தட்டையும் பழத்தையும் துணிப்பையிலோ ஓலைப்பெட்டியிலோ கொண்டுவருதல் ஆவுடையாளுக்குச் செய்யும் நேரிய வழிபாடாகும்.

உழவு மாடுகளைப் பற்றியும் ஒரு சொல். கரிசல் நிலத்தில் உழுத முன்னோர், வெயில் ஏறுமுன் ஏரை அவிழ்த்துவிடுவர். கழுத்தில் புண் கண்ட மாட்டை நுகத்தில் பூட்டார். கழுநீர்த் தொட்டியில் புண்ணாக்கு கரைத்து வைத்த பின்னரே தாம் உண்ண அமர்வர். குளக்கரையில் மாடுகள் தினவு தீர உரசிக்கொள்ள ஆவுரிஞ்சு கல் நட்டனர். முப்பத்திரண்டு அறங்களுள் அதனையும் ஒன்றாக நம் நூலோர் எண்ணினர். தனக்குக் கை எட்டாத முதுகின் தினவை மாடு எவ்வாறு தீர்த்துக்கொள்ளும் என்று எண்ணிப் பார்த்தவரின் அறம் அது. அறிவோடு கூடிய அருள் என்பதற்கு அக்கல்லே போதிய உரை.

யானையும் பழமும்

கோயில் யானை குழந்தைகளுக்குப் பெருமகிழ்ச்சி தருவது. யானை நாளொன்றுக்கு 150 கிலோவுக்கு மேல் பசுந்தீவனம் உண்பது. நெடுந்தொலைவு நடக்கும் இயல்பினது. கல்தளத்தில் நின்றபடி, வருவோர் தரும் வாழைப்பழமும் வெல்லமும் தேங்காயும் இனிப்பும் உண்ணும் யானைக்கு உடல் பருத்து, காலில் நோய் காண்கிறது. இதனைக் கருதியே தமிழ்நாட்டில் கோயில் யானைகளுக்கு நலவாழ்வு முகாம் 2003-ஆம் ஆண்டில் முதுமலையில் தொடங்கப்பெற்று, பின்னர் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் பவானி ஆற்றங்கரையில் நடைபெற்றது.

2024 நவம்பரில் திருச்செந்தூர்த் திருக்கோயிலில் யானை தாக்கியதில் பாகனும் அவருடைய உறவினரும் உயிரிழந்தனர். 2025 ஜனவரியில் திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி நோயுற்று மறைந்தபோது நெல்லை மக்கள் தம் வீட்டில் ஒருவரை இழந்தாற்போல் கலங்கினர். அத்துணை அன்பு நம்மிடம் உண்டு. அவ்வன்பு யானை வாழும் நாளிலேயே அதற்குப் பயன்பட வேண்டும். பாகன் இசைவின்றி எதனையும் கொடாதிருத்தல், அருகில் சென்று ஒளிப்படம் எடுக்க நெருக்காதிருத்தல், யானைக்கென்று காணிக்கை தர விரும்பினால் பசுந்தீவனத்துக்கு என்று கோயில் அலுவலகத்தில் செலுத்துதல் ஆகியன நாம் செய்யத்தக்கவை.

கூந்தன்குளத்து மக்கள்

விலங்குகளின்பால் ஓர் ஊர் முழுவதும் ஒருங்கே அருள் செய்ய இயலுமா என்று ஐயுறுவார்க்குத் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் விடையாக விளங்குகிறது. அவ்வூர்க் குளத்துக்கும் வீட்டு மரங்களுக்கும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் வருகின்றன. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்தும் அவற்றுள் ஒன்று. வீட்டு முற்றத்து வேம்பில் நாரை கூடு கட்டினால், எச்சமும் நாற்றமும் பொறுத்துக்கொண்டு அவ்வூரார் அதனைக் காக்கின்றனர். குஞ்சு கூட்டிலிருந்து விழுந்தால் எடுத்துப் பேணுகின்றனர். தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை என்ற கட்டுப்பாட்டைத் தாமே வகுத்துக்கொண்டனர். எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு உரமாகின்றன என்று அறிந்தவர்கள் அவர்கள். அரசு 1994-ஆம் ஆண்டில் அவ்விடத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பன்னாட்டு ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது. சட்டம் வருவதற்கு முன்னரே ஊரார் காத்த காரணத்தால்தான் சட்டம் காப்பதற்குப் பறவைகள் எஞ்சியிருந்தன.

நம் வீடுகளிலும் இவ்வழக்கத்தின் சிறு வடிவம் ஒருகாலத்தில் இருந்தது. அரிசிமாவில் கோலம் இட்டபோது எறும்பும் குருவியும் அதனை உண்டன. இன்று கல்மாவுக் கோலம் கண்ணுக்கு வெண்மையாக இருக்கிறது. எறும்புக்கு அதில் ஒன்றும் இல்லை. நாள்தோறும் இயலாவிடினும் வெள்ளிக்கிழமையன்றேனும் அரிசிமாவினால் கோலம் இடலாம். கோடையில் மாடியில் ஒரு மண்சட்டியில் நீர் வைத்து, நாள்தோறும் கழுவி மாற்றி வைக்கலாம். வாயிலில் வந்து நிற்கும் தெருநாய்க்கும் அந்நீர் உரியது.

கொண்டுசெல்லும் முறை

புலால் மறுத்தலே உயர்நெறி என்பது வள்ளுவர் முதலாய சான்றோர் கொள்கை. அந்நெறியில் நிற்பவர் வணங்கத்தக்கவர். அந்நெறிக்கு இன்னும் வராதவரும் கடைப்பிடிக்கத்தக்க இரக்கம் ஒன்று உண்டு. சந்தையிலிருந்து கோழிகளைக் கால்கட்டித் தலைகீழாக இருசக்கர வண்டியில் தொங்கவிட்டு, பல கல் தொலைவு வெயிலில் கொண்டுசெல்வதைக் காண்கிறோம். ஆடுகளையும் மாடுகளையும் நிற்கவும் இடமின்றிச் சிற்றுந்தில் திணித்து ஏற்றுகின்றனர். அவ்வுயிரின் முடிவு எதுவாயினும், அம்முடிவுக்கு முன்னர் அது படும் வீண்துன்பத்தால் எவர்க்கும் ஒரு பயனும் இல்லை. ஒரு கூடையும் சிறிது நிழலும் ஒரு வாய் நீரும் போதும், அத்துன்பம் நீங்கிவிடும்.

இதற்குச் சட்டமும் உண்டு. மதுரையில் பிறந்து கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்குவதைத் தடுப்புக்கான மசோதாவைத் தனியுறுப்பினராகக் கொண்டுவந்தார். அவர் எடுத்த முயற்சியின் பயனாக 1960-ஆம் ஆண்டில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அம்மையாரே முதல் தலைவராக விளங்கினார். அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுதல், துன்புறும் வகையில் ஏற்றிச் செல்லுதல், அசைய இயலாதபடி குறுகிய கயிற்றில் நெடுநேரம் கட்டிவைத்தல், உரிமையாளர் தீனியும் நீரும் நிழலும் கொடாமை ஆகியவை அச்சட்டப்படி குற்றங்கள். 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாக, உயிர்களிடத்து இரக்கம் காட்டுதல் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக நம் அரசமைப்பில் சேர்க்கப்பெற்றது. சான்றோர் அறமாகச் சொன்னதை நாடு கடமையாக ஏற்றுக்கொண்டுள்ளது.

ஆராய்ச்சி மணி

திருவாரூரில் மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் மணி கட்டியிருந்தான். தேர்க்காலில் கன்றை இழந்த பசு வந்து அம்மணியை அசைத்தது. மன்னன் வெளியே வந்தான். பசுவின் துயரைத் தன் மகனை இழக்கும் துயரோடு ஒன்றாக வைத்து நோக்கினான். சேக்கிழார் பெருமான் இவ்வரலாற்றைப் பெரியபுராணத்தில் திருநகரச் சிறப்பில் பாடியுள்ளார். நீதியின் பெருமையையே நாம் பெரிதும் பேசுகிறோம். மணியின் கயிறு பசுவின் கொம்புக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். முறையிட நாவில்லாத உயிரும் முறையிடுவதற்கு ஒரு வழி அந்நாட்டில் இருந்தது.

இன்று அடிபட்டுச் சாலையோரம் கிடக்கும் கன்றுக்கு அசைக்க மணி இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்க 1962 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் உள்ளது. அந்த எண்ணை அழைக்கக் கன்றினால் இயலாது. அவ்வழியே செல்லும் நாம்தான் அழைக்க வேண்டும். ஒரு நிமிடம் நின்று அழைப்பவர் அன்று அக்கன்றுக்கு ஆராய்ச்சி மணியாக ஆகிறார்.

நாள்தோறும் கடைப்பிடிக்கத்தக்கன

1. வீட்டு விலங்குக்குத் தீனியும் நீரும் நிழலும் அளித்த பின்னர் உண்ணுதல்.
2. எந்த உயிர்க்கும் உணவு கொடுக்குமுன் அது அவ்வுயிர் உண்ணும் உணவுதானா என்று அறிதல்.
3. கோயிலுக்கு நெகிழிப் பை கொண்டுவாராமை. உணவைப் பையில் முடிந்து எறியாமை.
4. புற்றை வலம்வந்து வணங்கிப் பாலைக் கல்நாகருக்குச் சார்த்துதல்.
5. பாம்பைக் கண்டால் அடியாது விலகிநின்று, உரியவரை அழைத்தல்.
6. கோடையில் பறவைக்கும் நாய்க்கும் நீர் வைத்தல்.
7. கூடுகட்டிய மரத்தருகே வெடி வெடியாமை.
8. அடிபட்ட கால்நடையைக் கண்டால் 1962-ஐ அழைத்தல்.

இவற்றுள் ஒன்றேனும் பெரும் பொருட்செலவு உடையதன்று. ஒன்றை இன்று தொடங்கி, அது பழக்கமான பின் மற்றொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் நம் சொல்லைக் கேட்பதினும் நம் செயலைக் காண்பதே மிகுதி. நீர்ச்சட்டியைக் கழுவி வைக்கும் தாயைக் காணும் குழந்தைக்கு அருளுடைமை அதிகாரத்தைத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

பசுக்களோடு தவமிருந்த அன்னையும், நாகர்களின் ஐயம் தீர்த்த அப்பனும் எவ்வுயிர்க்கும் தாயும் தந்தையும் ஆவர். அவர்தம் திருமுன் நின்று நம் குடும்ப நலம் வேண்டும்போது, நம் வாயிலில் நிற்கும் வாயில்லா உயிரின் நலத்தையும் சேர்த்து வேண்டுவோமாக. வேண்டியபின் வீடு சென்று நம்மால் இயன்றதை அறிந்து செய்வோமாக. கோமதி அம்மை உடனாய சங்கரலிங்கப் பெருமானும் சங்கரநாராயணரும் அதற்குத் துணை நின்று அருள்புரிவார்களாக.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க!